ஒரு குறையும் இல்லாத வகுப்பு

எங்கள் கல்லூரியில் ஒரு புதிய பாடநெறிக்கு அங்கீகாரம் வாங்குவதைவிட ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிடலாம். மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் ஆளை விடு. இங்கே பார்க்க வருகிறவர்கள் வடையும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு, "எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் பெண் பார்ப்பதை முதலிலிருந்து திரும்ப நடத்துங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நாமும் கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்ப வேண்டும்.

நான் ஹட்டனில் ஒரு சமுதாயக் கல்லூரியில் போதனாசிரியை. நோயாளரையும் முதியோரையும் பராமரிக்கும் பயிற்சியைத் தமிழில் நடத்துகிறேன். அதே பயிற்சி சிங்களத்தில் கீழ்மாடியில் நடக்கிறது. அதற்கு அங்கீகாரம் வந்து பல காலமாகிவிட்டது. அதைத் தமிழில் சொல்லிக் கொடுக்க இன்னொரு தடவை என்ன அங்கீகாரம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மொழிமூலம் மாறினால் அது புதுப் பாடநெறி என்றார் கல்லூரி அதிபர். முதலில் கல்லூரியின் பாடத்திட்டக் குழு, பிறகு கல்லூரிச் சபை, பிறகு கொழும்பு, பிறகு கொழும்பிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு நேரில் வந்து பார்க்கும், பிறகு அவர்கள் கூடி முடிவெடுப்பார்கள். அதுவரைக்கும் 'பரீட்சார்த்தமாக' வகுப்பை நடத்திக்கொள்ளலாம் என்று ஒரு அனுமதி தந்திருந்தார்கள். அந்த அனுமதிதான் எங்களைப் பிடித்த பிடி. பிள்ளைகளைச் சேர்த்தாயிற்று, பாதிப் பாடம் முடிந்தும் விட்டது. அங்கீகாரம் வந்தால் அவர்கள் கையில் கிடைப்பது நாடு முழுக்கச் செல்லுபடியாகும் சான்றிதழ். வராவிட்டால் அது அதிபர் கையெழுத்துப் போட்ட ஒரு அழகான தாள்.

என் வகுப்பறை மேல்மாடியில், கடைசியில். அதற்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் மண்சரிவுக்குக் கட்டிய சுவர் மூக்கில் இடிக்கும். பாசி படிந்து எப்போதும் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும் சுவர். மழைக்காலத்தில் காலையிலேயே லைட்டைப் போட்டால் வீட்டுக்குப் போகும்போதுதான் அணைப்போம். வெளியே வெயிலா மழையா என்பதைப் பிள்ளைகளின் குடையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஜன்னலோரம் முன்வரிசையில் உட்காருகிற ஒருத்தி பொகவந்தலாவையிலிருந்து வருவாள். விடியும் முன்னே தோட்டத்து வரிசை வீடான லயத்தைவிட்டுக் கிளம்பினால்தான் அந்த வளைவுப் பாதையில் பஸ் பிடித்து நேரத்துக்கு வர முடியும். வாந்தி வராமல் இருக்க வாயில் இஞ்சித் துண்டு அடக்கிக்கொண்டு வருவாள். வகுப்பில் அவள் நோயாளியைத் திருப்புகிற விதத்தைப் பார்க்க வேண்டும். பொம்மை நோயாளியிடம்கூட, "திருப்பப் போறேங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். அவளுடைய அம்மா ஒருநாள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் கல்லூரிக்கு வந்தார். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை. படிக்கட்டிலேயே நின்றார்.

"சேட்டிபிகேட்டு கெடச்சிருமாங்க டீச்சர்? அது இருந்தா ஆஸ்பத்திரியில எடுப்பாங்கன்னு இவ சொல்றா. இல்லாட்டி கொழும்புல ஒரு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. வயசான அம்மாவ பாத்துக்கணுமாம். அங்கயே தங்கி. படிப்பு முடியட்டும்னு சொல்லி வச்சிருக்கேங்க."

"கிடைக்கும்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பாடத்திட்டக் குழு என்பது அதிபர், நான், கீழ்மாடியில் சிங்கள வகுப்பு எடுக்கும் என் தோழி, வேறு இரண்டு பேர். தோழிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும், எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். இரண்டையும் கலந்து ஊரில் உள்ள எல்லோரையும் திட்டித் தீர்ப்போம். குழுவில் எங்களை அதிகம் படுத்தியது ஒரு சொல். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் மாணவர் என்ன செய்யக்கூடியவராக இருப்பார் என்று எழுத வேண்டும். நான் 'விளங்கிக்கொள்வார்' என்று எழுதியிருந்தேன். கொழும்பிலிருந்து அதை அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். விளங்கிக்கொள்வதை அளக்க முடியாதாம். 'செய்து காட்டுவார்' என்று எழுத வேண்டுமாம். பக்கம் பக்கமாக 'விளங்கிக்கொள்வார்' எல்லாவற்றையும் தேடித் தேடி 'செய்து காட்டுவார்' என்று மாற்றினேன். எரிச்சலாக வந்தது. ஆனால் ஒரு வகையில் சரிதான் என்றும் பட்டது.

"பொறுமையா இருங்க டீச்சர்" என்பார் அதிபர். ஓய்வுக்குக் காத்திருந்தவர். மின்சாரம் நின்றாலும் அதைத்தான் சொல்வார், மழை பெய்தாலும் அதைத்தான் சொல்வார்.

மதிப்பீட்டுக் குழு வருகிற நாள் நெருங்கியதும் கல்லூரியே கல்யாண வீடாயிற்று. கீழ்மாடியிலிருந்து திரைச்சீலைகளைக் கழற்றி வந்து என் வகுப்பில் மாட்டினோம். பாசிச் சுவரை மறைக்கப் பூச்சாடிகளை ஜன்னலில் வைத்தோம். பிள்ளைகளுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று. "வர்றவங்க ஏதாச்சும் கேட்டா மரியாதையா, சத்தமா பதில் சொல்லுங்க. வாய மூடிக்கிட்டு இருந்துறாதீங்க."

குழுவின் தலைவி நல்ல மனுஷி. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். வெற்றிலை கொடுத்து வரவேற்ற பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்தார். வகுப்புக்குள் வந்து, என்னைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு, பிள்ளைகளிடம் சிங்களத்தில் கேட்டார். நாங்கள் சிங்களத்தில் பேசுவது உங்களுக்கு விளங்குகிறதா?

"விளங்குது மேடம்" என்று சிங்களத்தில் ஒரே குரலில் பதில் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலைவியின் முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொருத்தியாக எழுந்து தன் பெயரையும் ஊரையும் இந்தப் பயிற்சியை ஏன் விரும்புகிறாள் என்பதையும் சிங்களத்தில், ஒரு பிசிறு இல்லாமல் சொன்னார்கள். பொகவந்தலாவைக்காரி எல்லோரையும்விட நன்றாகச் சொன்னாள். கற்பதில் ஏதாவது கஷ்டம் இருக்கிறதா என்று தலைவி கடைசியாகக் கேட்டார். "கிசிம ப்ரஷ்ணயக் நெஹெ மேடம்." ஒரு பிரச்சினையும் இல்லை மேடம். வாசலில் நின்ற என் தோழி நெற்றியில் கை வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் எனக்குத் தெரியாமல், எனக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்று, சாப்பாட்டு நேரத்தில் கீழ்மாடிக்குப் போய் தோழியிடம் வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அந்த நாலு பதில்களையும் பாடமாக்கியிருக்கிறார்கள். பாட்டுப் படிப்பதுபோல. ஒரு சொல் மாற்றிக் கேட்டிருந்தால் எல்லோரும் முழித்திருப்பார்கள். பாவம், தோழிக்கும் அது இப்படி வந்து முடியும் என்று தோன்றவில்லை. வந்தவர்களிடம் மரியாதைக்கு நாலு வார்த்தை பேசத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தாளாம்.

கொழும்பிலிருந்து முடிவு வந்தது. மாணவிகளின் ஒழுக்கமும் ஆர்வமும் பாராட்டுக்குரியவை. அவர்களுக்குச் சிங்களத்தில் கற்பதில் சிரமம் எதுவும் இல்லை என்பது நேரில் உறுதியானது. ஆகவே தனியாகத் தமிழ்மொழிப் பாடநெறியின் தேவை நிரூபிக்கப்படவில்லை. மாணவிகளை இருக்கிற சிங்கள வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். உடன்பாடு இல்லையென்றால் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

விளங்கிக்கொள்வதை அளக்க முடியாது என்று சொல்லி என்னைப் பக்கம் பக்கமாக அடித்து மாற்ற வைத்தவர்கள், விளங்குகிறதா என்று வாயால் கேட்டு, ஆமாம் என்றதும் அளந்துவிட்டுப் போய்விட்டார்கள்!

நான் வகுப்புக்குள் போய்க் கத்தினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே கத்தினேன். யாரு உங்கள சிங்களத்துல பேசச் சொன்னது, நுரையீரலுக்குச் சிங்களத்துல என்னன்னு தெரியுமா, ஒரு பிரச்சினையும் இல்லைன்னா அப்பறம் நான் எதுக்கு இங்க என்றெல்லாம் கேட்டேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பொகவந்தலாவைக்காரிதான் எழுந்தாள்.

"கொற சொன்னா வகுப்ப மூடிருவாங்கன்னு நெனச்சோங்க டீச்சர்."

அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் கூரைத் தகரத்தில் அடுப்புக்கு நேர் மேலே ஓட்டை. மழை வந்தால் அதன் கீழே ஒரு வாளி இருக்கும். கம்பனியிலிருந்து லயம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் சொல்லிவிட்டால், அப்பா செய்கிற முதல் வேலை அந்த வாளியை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளுவது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வாசலில் வந்து நின்று எல்லாம் சரியா என்று கேட்பார். அப்பா தலைப்பாகைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஒரு கொறையும் இல்லீங்க தொரை" என்பார். அவர் பின்னால் அடுப்புச் சாம்பலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். துரை போன பிறகு வாளி மறுபடி வெளியே வரும். ஏம்ப்பா சொல்லல என்று ஒரு தரம் கேட்டேன். குறை சொன்னவனுக்கு அடுத்த நாள் எந்தச் செங்குத்து மலையில் வேலை கொடுப்பார்கள் என்று உனக்குத் தெரியாது என்றார் அப்பா. அந்த ஓட்டை நான் பெரிய பிள்ளையாகும்வரை அப்படியேதான் இருந்தது.

அந்தப் பிள்ளைகள் செய்ததும் அதேதான். பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் வாளியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். அந்த வாளி என் தமிழ் வகுப்புதான்.

சிங்கள வகுப்பில் சேர்ப்பதை முயன்று பார்க்காமலும் இல்லை. ஒரு வாரம் கீழே போய் உட்கார்ந்தார்கள். தோழி தன்னால் முடிந்த தமிழில் இடையிடையே சொல்லிப் பார்த்தாள். அவளுடைய பிள்ளைகளுக்குப் பாடம் நின்றுபோனது, எங்கள் பிள்ளைகளுக்கு ஏறவும் இல்லை. ஆனால் விளங்குதா என்று கேட்டால் எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்கள். "உங்கட பிள்ளைகள் சிரிக்கிறதப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு" என்றாள் தோழி. மறுபடி மேலே கூட்டிவந்தேன்.

மறுபடி விண்ணப்பம், குழு, சபை, கொழும்பு. மறுபடி பொறுமையா இருங்க டீச்சர். இந்தத் தடவை விண்ணப்பத்தோடு நான் ஒன்று கேட்டிருந்தேன். மாணவிகளிடம் விளங்குகிறதா என்று கேட்க வேண்டாம், உங்கள் விதிப்படியே செய்து காட்டச் சொல்லுங்கள், முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில். ஆச்சரியம், ஒப்புக்கொண்டார்கள்.

யார் செய்து காட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பொகவந்தலாவைக்காரியைக் கூப்பிட்டு விஷயத்தை விளக்கினேன். "அவங்க சொல்றது வெளங்காட்டி, வெளங்கலன்னு சொல்லிருங்க. அதுதான் நமக்கு வேணும். அப்பதான் கிடைக்கும்."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "பெரியவங்ககிட்ட எப்பிடிங்க டீச்சர் அப்பிடிச் சொல்றது?"

அந்த நாள் வந்தது. திரைச்சீலை மாட்டவில்லை, பூச்சாடி வைக்கவில்லை. வகுப்பு நடுவில் கட்டில். என் தோழிதான் நோயாளியாகப் படுத்திருந்தாள். தலைவி கையில் தாளோடு நின்று சிங்களத்தில் சொன்னார். நோயாளியை இடது பக்கம் திருப்புங்கள், முதுகுக்கு அணை கொடுங்கள், கால் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

"ஹரி மேடம்" என்றாள் அவள். சரி என்று அர்த்தம். போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். தலையணையைத் தட்டிவிட்டாள். பிறகு கைகட்டி நின்று தலைவியைப் பார்த்துச் சிரித்தாள்.

தலைவி இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொன்னார்.

"ஹரி மேடம்." நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கையைப் பிடித்து நாடி பார்த்தாள். மறுபடி சிரித்தாள். தோழி கட்டிலில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவளும் நான்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகலாம் போல இருந்தது. ஆனால் போனால் எல்லாம் போயிற்று. அசையாமல் நின்றேன்.

மூன்றாவது தடவை சொன்னபோது சிரிப்பு போய்விட்டது. காது வரைக்கும் சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "தேருணே நெஹெ மேடம்" என்றாள். விளங்கவில்லை மேடம்.

பிறகு நான் அதையே தமிழில் சொன்னேன். அவள் போய்க் கையைக் கழுவினாள். "திருப்பப் போறேங்க, பயப்படாதீங்க" என்றாள். தோழியை ஒரு பூவைத் திருப்புவதுபோலத் திருப்பி, முதுகுக்கு அணை கொடுத்து, கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்துப் பார்த்து, வீக்கம் இல்லை என்றாள். தலைவி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. பெருமையா அவமானமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு அவள் படிக்கட்டில் தனியாக நின்றாள். "எல்லாரும் பாத்துட்டாங்க இல்லீங்களா டீச்சர்" என்றாள்.

"அதனாலதாம்மா கிடைக்கப் போகுது" என்றேன்.

கிடைத்தது. அதிபர் கேக் வாங்கிவரச் சொல்லிவிட்டுக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். தமிழ்மொழிமூலப் பாடநெறி அங்கீகரிக்கப்படுகிறது. செய்முறைத் தேர்ச்சி சிறப்பாக இருந்தது. நான் சத்தமாக வாசித்துக்கொண்டே போனேன். அடுத்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். இந்த அங்கீகாரம் இனிமேல் சேர்க்கப்படும் பிரிவிலிருந்து செல்லுபடியாகும்.

"சேர், அப்ப இவங்க?"

"திரும்பப் பதிஞ்சுக்கலாம் டீச்சர். முதல்ல இருந்து படிக்கணும்."

"எதுக்கு முதல்ல இருந்து? இவங்க செஞ்சு காட்டினதப் பாத்துத்தானே அங்கீகாரமே தந்தாங்க?"

"அங்கீகாரத்துக்கு முன்ன படிச்சது படிச்சதா சேராது. பொறுமையா இருங்க."

அன்றைக்கு அவரிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. கொழும்புக்குப் போன் எடுத்தேன். தலைவி மிகவும் வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். விதி அப்படி என்றார். மேன்முறையீடு செய்யலாம் என்றார். மேன்முறையீடு எங்கே போகும் என்று கேட்டேன். எங்கள் குழுவுக்குத்தான் என்றார்.

வகுப்பில் சொன்னேன். ஒருத்தியும் சத்தம் போடவில்லை. ஒருத்தி கேக்கைப் பாதியில் வைத்தாள், அவ்வளவுதான். பிறகு எல்லோரும் "சரிங்க டீச்சர்" என்றார்கள். நான் கத்தியதுபோல அவர்களும் ஒருமுறை கத்தியிருந்தால் எனக்குத் தேவலை.

மாலையில் அவளோடு பஸ் நிலையம்வரை நடந்தேன். பனிமூட்டம் இறங்கி, பஸ்களின் பெயர்ப்பலகையே தெரியவில்லை. அடுத்த பிரிவு தொடங்கும்போது அவள் பெயரை முதலாவதாகப் போடுகிறேன் என்றேன். எல்லாப் பாடமும் தெரிந்ததால் சுலபமாகப் போய்விடும் என்றேன். அம்மாவிடம் நானே வந்து பேசுகிறேன் என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். இஞ்சித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பொகவந்தலாவை பஸ் வந்து நின்றது.

"திரும்ப முதல்ல இருந்து வர்றது கஷ்டமா இருக்குமாம்மா? உண்மையச் சொல்லுங்க."

"இல்லீங்க டீச்சர்" என்றாள். "ஒரு கொறையும் இல்லீங்க."

அப்பாவின் குரல் அது. அவர் துண்டைக் கையில் பிடித்தபடி சொன்ன அதே குரல். வாசலில் வந்து நிற்கிற துரை இப்போது நான். அவள் அடுத்த பிரிவுக்கு வரப்போவதில்லை என்பதும் கொழும்பில் அந்த வீட்டுக்குத்தான் போகப்போகிறாள் என்பதும் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கூட்டத்தோடு முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு எனக்குக் கையசைத்தாள். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் யாராக இருந்தாலும் எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.